மெலிவிலே மெய் வேண்டும்

நம் பங்குகளிலிருந்து அண்மை ஆண்டுகளில் வெளிவந்துள்ள பக்திப் பாடல் பதிவுகளைச் சற்றுக் கவனித்துக் கேட்போம். குரல்கள் பளபளக்கின்றன. கீபோர்டின் நரம்பிசை மேகம்போல் சூழ்ந்து நிற்கிறது. மணியோசை மின்னி மறைகிறது. ஆனால் இப்பாடல் எந்தத் தரைமீது நிற்கிறது என்று தேடினால், அங்கே தரையைக் காணோம். மங்கலான முழக்கம் ஒன்றே கேட்கிறது. அதில் சுரம் தெரிவதில்லை. வாசித்த விரலும் தெரிவதில்லை. அந்த முழக்கத்திற்குத்தான் 'பேஸ்' என்று பெயர் சூட்டி, அதன்மீது எக்கோவும் கோரஸும் பூசி, 'இதுதான் இன்றைய தரம்' என்று நம்மிடம் தருகிறார்கள். நாமும் பணம் கொடுத்துப் பெற்றுக்கொள்கிறோம்.

இதை ஏற்பதற்கில்லை என்று சொல்லவே இக்கட்டுரை. நம் பாடகர் குழுவுக்குப் பொருத்தமான பேஸ் கிட்டார் ஒன்றைத் தேடிக் கண்டடைய வேண்டும். அதை நம் பிள்ளை ஒருவன், அல்லது ஒருத்தி, வாசிக்க வேண்டும். வாசித்ததை எவ்வித ஒப்பனையும் இன்றி, உள்ளது உள்ளபடி பதிவு செய்ய வேண்டும். இது இசைக்கலைஞர்கள் மட்டும் பேசித் தீர்க்க வேண்டிய தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு சமூகம் தன் குரலைத் தானே மதிக்கிறதா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

தமிழிசை மரபு ஒலியின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தது. மெலிவு என்பது தாழ்ந்த நிலை. அந்த நிலையில் நின்று பணிபுரியும் கருவியே பேஸ் கிட்டார். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் சந்தைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியே உலகெங்கும் இதற்கு முன்மாதிரியாயிற்று. அதற்கு நான்கு தந்திகள். மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மற்றவை 55, 73, 98. பாடுகிறவர்களின் குரல் பெரும்பாலும் இவற்றுக்கு மேலேதான் ஒலிக்கிறது. எனவே மக்கள் பாடும்போது அவர்களுக்குக் கீழே, அவர்களோடு போட்டியிடாமல், அவர்களைத் தாங்கி நிற்கும் கருவி இது. அடுத்த அடியில் சுருதி எங்கே போகிறது, தாளம் எங்கே விழுகிறது என்பதைக் குரல்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பதும் இதுவே.

சிவகாசியின் அச்சுத் தொழிலாளருக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. நான்கு வண்ண அச்சில் நீலம், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்றும் கண்ணைக் கவர்கின்றன. நான்காவது தகடாகிய கருப்பைத் தனியே பாராட்டுவோர் இல்லை. ஆயினும் அந்தக் கருப்புத் தகடு இல்லையென்றால் முகத்திற்கு ஆழம் இல்லை. எழுத்துக்கு உறுதி இல்லை. காலண்டரின் படம் முழுவதும் வெளிறிப்போகிறது. பாடலின் கருப்புத் தகடு பேஸ். இன்னொன்றையும் அச்சகத்தார் அறிவர். ரிஜிஸ்டர் விலகி அச்சான தாளின்மீது எவ்வளவு பளபளப்பான லேமினேஷன் ஒட்டினாலும் விலகல் விலகலாகவே இருக்கும். பிழையோடு மினுங்கும், அவ்வளவே. சரியாக வாசிக்கப்படாத பேஸின்மீது பூசப்படும் எக்கோ அந்த லேமினேஷன்தான்.

மெலிவு ஒலியில் ஒப்பனை ஏன் கெடுதல் செய்கிறது என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. நொடிக்கு 41 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 27 அடி நீளம். உயர்ந்த கூரையும் வெறும் சுவர்களும் உடைய நம் ஆலயங்களில் இத்தகைய ஒலி எளிதில் அடங்குவதில்லை. சுவரில் மோதித் திரும்பி நெடுநேரம் சுழல்கிறது. ஆலயமே ஓர் எதிரொலிக் கூடம். அங்கே ஒலிபரப்பப் போகும் பாடலில் முன்கூட்டியே செயற்கை எதிரொலியையும் கலந்தால், முதல் சுரம் மறைவதற்குள் இரண்டாம் சுரம் வந்து விழுகிறது. இரண்டும் சேர்ந்து சேறாகின்றன. அந்தச் சேற்றில் முதலில் புதைந்துபோவது பாடலின் சொற்களே.

இன்று பெரும்பாலோர் பாடல்களைக் கைப்பேசியில் கேட்கிறோம் என்பதையும் எண்ண வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் 41 அதிர்வை எழுப்ப இயலாது. ஆயினும் நம் செவி அந்தச் சுரத்தை அறிந்துகொள்கிறது. எப்படி? அதே தந்தியிலிருந்து கூடவே எழும் 82, 123 போன்ற மேல் அதிர்வுகளைக் கேட்டு, அடியில் இருக்க வேண்டிய சுரம் எது என மூளை ஊகித்துக்கொள்கிறது. அந்த மேல் அதிர்வுகள் தெளிவாக இருந்தால்தான் இது நடக்கும். கோரஸையும் எக்கோவையும் ஏற்றி அவற்றைக் குழப்பிவிட்டால், சிறிய கருவியில் கேட்கும் ஏழைக்குப் பேஸே இல்லை. பெரிய ஒலிபெருக்கி வைத்திருப்பவருக்கோ வெறும் உறுமல்.

தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்தில், குழலும் யாழும் தம் ஒலிகளில் வேறுபாடு காட்டாவிட்டால் வாசிக்கப்படுவது இன்னதென்று எவ்வாறு அறிவது எனக் கேட்கிறார். பரவசப் பேச்சைப் பற்றிய விவாதத்தில் அவர் எடுத்தாண்ட உவமை அது. உவமையாக அவர் சொன்னது நம் பதிவுகளில் கண்கூடாக நிகழ்கிறது.

இனி, பொருத்தமான கருவி எது என்பதைப் பார்ப்போம். இங்கும் நம்மிடையே ஒரு மயக்கம் நிலவுகிறது. 'வெளிநாட்டுக் கருவியா? என்ன விலை? எத்தனை தந்தி?' என்றே கேட்கிறோம். நன்கொடையாளரின் பெயரைக் கருவியின்மீது எழுதி வைக்கும் ஆர்வத்தில், அதை வாசிக்கப் போகிறவரின் கை எவ்வளவு பெரியது என்று கேட்க மறக்கிறோம். வழக்கமான பேஸ் கிட்டாரின் தந்தி நீளம் 34 அங்குலம். சிறிய கை உடையவர்களுக்கும் இளம் வயதினருக்கும் 30 அங்குலக் கருவி உண்டு. எட்டாத கருவியைக் கொடுத்துவிட்டு 'இவனுக்கு வாசிப்பு வரவில்லை' என்று முடிவு கட்டுவது அநீதி.

கடையில் கருவியைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டியவை எளியவை. கழுத்தின் ஓரமாகக் கண்ணை வைத்து அது நேராக இருக்கிறதா என நோக்குக. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி வாசித்து, எங்கேனும் தந்தி உலோகத்தில் மோதி இரைகிறதா எனக் கேட்க. 12-ஆம் கட்டத்தின் உலோகக் கம்பிக்கு நேராக மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே கட்டத்தில் அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஒன்றாக இருக்கின்றனவா என ஒப்பிடுக. இல்லையெனில் மேலே போகப்போக அக்கருவி அபசுரம் பேசும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலிபெருக்கியில் இணைக்காமலே ஒருமுறை வாசித்து, உடற்பகுதியில் காதை வைத்துக் கேட்க. மின்சாரம் இல்லாமலே நிறைவாக அதிரும் மரம் நல்ல மரம். அங்கே ஊமையாக இருப்பதை எந்த மின்கருவியும் பேச வைக்காது. தந்தியிலும் தெரிவு உண்டு. சுற்றுக்கம்பி உருண்டையான தந்தி கூர்மையாகப் பேசும். தட்டையான தந்தி மென்மையாக, குரலுக்கு இடம் விட்டுப் பேசும். மக்கள் சேர்ந்து பாடும் பாடலுக்குப் பின்னதே பெரும்பாலும் ஏற்றது என்பது நம் கருத்து.

நம் கரிசல் மண்ணின் வெயிலையும் மறக்கலாகாது. கோடையில் காய்ந்து சுருங்கும் மரத்தின் ஓரத்தில் உலோகக் கட்டங்கள் துருத்திக் கையைக் கீறும்; ஐப்பசி மழையில் ஈரம் ஏறிக் கழுத்து வளையும். கழுத்தினுள் ஓடும் இரும்புக் கம்பியை அறிந்தவரைக் கொண்டு ஆண்டுக்கு ஓரிருமுறை சீர்செய்தால் எளிய கருவியும் பல ஆண்டுகள் உண்மை பேசும். தகரக் கூரையின் அடியிலோ, கதவடைத்த வண்டியிலோ கிடத்தினால் விலையுயர்ந்த கருவியும் ஒரு கோடைக்குள் பொய் பேசத் தொடங்கும்.

பதிவு செய்யும் முறை இதைவிட எளிது. எளிமையாக இருப்பதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை போலும்! கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்குறியை டி.ஐ. பெட்டி என்னும் சிறு கருவியின் வழியாக நேரே மிக்ஸருக்குக் கொண்டு செல்ல வேண்டும். இடையில் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை பதிவு தொடங்குமுன்னும் சுருதி சரிபார்க்க வேண்டும். மிகப் பலமாக வாசிக்கும் இடத்திலும் அளவுகாட்டி சிவப்பைத் தொடாதபடி அளவைத் தாழ்த்தி வைக்க வேண்டும். கணினிப் பதிவில் எல்லையைத் தாண்டிய ஒலி நைந்துபோகும், அதை மீட்க வழியில்லை. இன்னொரு பகையும் உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுகிறது. பேஸின் தாழ்ந்த தந்தியில் மூன்றாம் கட்டத்தில் பிறக்கும் சுரமோ 49 அதிர்வு. எர்த் சரியில்லாத கட்டடத்தில் எழும் மின் இரைச்சல் அந்தச் சுரத்தின் மடியிலேயே வந்து அமர்ந்துகொள்ளும். இதைக் கண்டுபிடிக்காமல், இரைச்சலை மறைக்க எதிரொலி பூசுவது, கசியும் கூரையின் அடியில் வண்ணம் அடிப்பதற்கு ஒப்பாகும். எர்த்தைச் சரிசெய்யுங்கள், வயரை மாற்றுங்கள், பிறகு வாசியுங்கள்.

ஒப்பனை இல்லாமல் நல்ல இசை கிடைக்குமா என்று ஐயுறுவோர் டெட்ராய்ட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சனை நினைக்க வேண்டும். 1936-இல் பிறந்து 1983-இல் மறைந்த இக்கறுப்பினக் கலைஞர், மோடவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்குப் பேஸ் வாசித்தவர். 1962-ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ் ஒன்று. எளிதில் மாற்றப்படாத பழைய தட்டைத் தந்திகள். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்று. இவையே அவருடைய செல்வம். அவர் வாசித்தது நேரே மிக்ஸருக்குச் சென்று பதிவாயிற்று. பல ஆண்டுகள் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர்கூட அச்சிடப்படவில்லை. எனினும் இன்றுவரை உலகெங்கும் பேஸ் பயில்வோர் அந்த ஒற்றை விரலிடம் பாடம் கேட்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1976-இல் 'அன்னக்கிளி' வழியாக வந்த இளையராஜா, பேஸ் கிட்டாரைப் பின்புற முழக்கமாக வைக்காமல், பாடகரோடு உரையாடும் தனிக் குரலாகவே எழுதினார். அவருக்காக நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் விரல்களைப் பெயரறியாமலே தமிழ்நாடு முணுமுணுத்திருக்கிறது. பாடகரும் வாத்தியக் கலைஞர்களும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்த காலம் அது. ஒருவர் பிழை செய்தால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். அந்தக் கட்டாயம்தான் பயிற்சியைத் தந்தது. பயிற்சிதான் ஒலியைத் தந்தது. நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் பழைய பாடலின் பேஸைக் கேட்டுத் தலையசைக்கும் நாம், நம் ஆலயப் பாடலில் மட்டும் ஏன் அதைக் கேட்கக் கூசுகிறோம்?

எதிர்ப்புகளை நாம் அறியாமலில்லை. 'ஒலிப்பதிவுக் கூடத்திற்கு மணிக் கணக்கில் வாடகை. உங்கள் பையன் பத்து முறை தவறுவான். கீபோர்டில் அரை மணியில் பேஸை அடித்துவிடலாம்' என்பர். கணக்கு உண்மையே. ஆனால் எதற்காகப் பதிவு செய்கிறோம் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் பங்கு மக்களின் பாடலைப் பதிவு செய்யப் போய், எந்த ஊர்ப் பாடலுக்கும் பொருந்தும் ஓர் எந்திரத் தடத்தை வாங்கி வருவதற்குச் செலவழித்தது சிறிதானாலும் வீண். பையன் பத்து முறை தவறுவானெனில், பதிவை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். அவன் பயிலட்டும்.

'ஒப்பனை இல்லாவிட்டால் ஒலி மெலிந்து கேட்கிறதே' என்பர் வேறு சிலர். தனியாகக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். அடித்தளத்தை மட்டும் பார்த்தால் எந்த வீடும் அழகாக இராது. குரல்களோடும் தாளத்தோடும் சேர்த்துக் கேளுங்கள். பாறைமீது வீடு கட்டியவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையில், பாறை வண்ணம் தீட்டப்பட்டிருந்ததாகச் செய்தி இல்லை. எல்லா ஒப்பனையும் பாவம் என்று நாம் சொல்லவில்லை. திரைப்படத்திற்கும் நாடகத்திற்கும் அவற்றால் பயன் உண்டு. ஏற்ற இறக்கத்தைச் சிறிது சமன்செய்வதும் தவறன்று. உணவில் உப்பு வேறு, எண்ணெயில் கலப்படம் வேறு என்பதை எண்ணெய் வணிகத்தால் பெயர் பெற்ற விருதுநகருக்கு நாம் கற்பிக்க வேண்டுமா?

திருச்சபையின் எண்ணமும் இதுவே. 1967 மார்ச் 5 அன்று வெளிவந்த 'மூசிக்காம் சாக்ராம்' என்னும் அறிவுரை, இசைக்கருவிகள் குரல்களுக்குத் துணை நிற்கலாம், மக்கள் பங்கேற்பை எளிதாக்கலாம் என்று வரவேற்கிறது. அதே மூச்சில், பாடலின் சொற்கள் விளங்காதபடி அவை குரல்களை அமுக்கிவிடக் கூடாதென்றும் எச்சரிக்கிறது. அதற்கு முன் 1958 செப்டம்பர் 3-இல் வந்த அறிவுரை, தானே இயங்கும் இசைப்பொறிகளையும் பதிவு நாடாக்களையும் திருவழிபாட்டில் பயன்படுத்தலாகாதெனத் தடுத்தது. இறைவனைப் புகழ்வது உயிருள்ள மனிதரின் பணி என்ற உணர்வே அத்தடையின் உயிர்நாடி. இன்று குறுந்தட்டிலோ கைப்பேசியிலோ கொண்டுவந்த பின்னணித் தடத்தை ஓடவிட்டு ஞாயிறு திருப்பலியில் பாடும் குழுக்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். பதிவில் தொடங்கிய எந்திரப் பழக்கம் பீடத்தின் அருகே வந்துவிட்டது.

இதனால் இழப்பவர் யார்? பகலில் தீப்பெட்டி ஒட்டியும், பட்டாசுக்குத் திரி செருகியும், அச்சகத்தில் தாள் அடுக்கியும் உழைத்துவிட்டு, மாலையில் பங்கு மண்டபத்தில் பேஸ் பயின்ற இளைஞர்கள். மூன்றாண்டு பயின்றவனிடம், பதிவு நாளன்று 'நீ வர வேண்டாம், அங்கேயே எல்லாம் இருக்கிறது' என்று சொல்லப்படுகிறது. அவன் அடுத்த ஞாயிறு கருவியை எடுப்பதில்லை. அதற்கடுத்த ஆண்டு பாடகர் குழுவிற்கே வருவதில்லை. 'இளைஞர்கள் ஆலயத்தை விட்டுப் போகிறார்களே' என்று கூட்டம் கூட்டிக் கவலைப்படுகிறோம். அனுப்பியவர் யாரென்று அக்கூட்டத்தில் ஒருவராவது கேட்டதுண்டா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தயங்கியே சொல்கிறோம். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் திரும்புவார் என்ற உறுதி இல்லாத மண் இது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் மீண்டும் பல உயிர்கள். இத்தகைய மண்ணில் ஒலிப்பதிவு என்பது விற்பனைப் பொருள் மட்டும் அன்று. ஒருவர் இருந்தார், இந்த விரலால் இந்தத் தந்தியைத் தொட்டார் என்பதற்கு அது சாட்சி. தந்தியில் விரல் நழுவும் சிறு உரசல்கூட அவருடையது. அதைத் துடைத்துவிட்டு எதிரொலியை ஊற்றுவோமெனில், அவருடைய தாய் பிற்காலத்தில் அந்தப் பாடலில் எதைத் தேடிக் காண்பார்?

நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து அனுப்பும் வட்டாரம் நம்முடையது. வெடியின் ஓசை நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டலாகாதென்று 1999-இல் அரசு விதி வகுத்தது. ஓசை எவ்வளவு என்பதை அளந்து விற்கும் ஊர், ஓசை எத்தகையது என்பதையும் அளக்கப் பழக வேண்டும். பலத்தை நாம் நன்கு அறிவோம். தெளிவை அறிய மறுக்கிறோம்.

ஆகவே பொதுநிலையினராகிய நாம், பதிவுக்குப் பணம் தருகிறவர்கள் என்ற உரிமையோடு, மூன்றைக் கேட்போம். முதலாவது, நம் பங்கின் பெயரில் வெளிவரும் பாடலில் பேஸை நம் பங்கினரே வாசிக்க வேண்டும். அவர் பெயர் உறையில் அச்சாக வேண்டும். இரண்டாவது, அந்த வாசிப்பு ஒப்பனையின்றிப் பதிவாகி, அந்தத் தூய தடம் பங்கிலேயே பாதுகாக்கப்பட வேண்டும். மூன்றாவது, வெளியிடுமுன் பாடலை ஆலயத்திலும், ஓர் எளிய கைப்பேசியிலும் ஒலிக்கவிட்டு, சொற்கள் விளங்குகின்றனவா, சுரம் தெரிகிறதா என்று பாடகர் குழுவில் இல்லாத நான்கு பேரைக் கேட்க வேண்டும். அந்நால்வரில் ஒருவர் பாட்டியாக இருக்கட்டும். அவர் கூடவே பாடத் தொடங்கினால் பதிவு தேறியது. வாய்மூடிக் கேட்டுவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று எழுந்து போனால், மறுபடியும் ஒலிப்பதிவுக் கூடத்திற்குப் போங்கள்.